செண்பகத்தோப்பு அடிவாரமும் கண்டிச் சீமையும்: குடிபெயர்வின் காரணம் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

திருவில்லிபுத்தூர் நகருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது செண்பகத்தோப்பு. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும், காட்டழகர் எனப்படும் சுந்தரராசப் பெருமாள் கோயிலும், பளியர் குடியிருப்பும் இவ்விடத்தின் அடையாளங்கள். இங்கு நின்று மேற்கே நோக்கின் காடடர்ந்த மலை தோன்றும். கிழக்கே நோக்கின் கண்மாய்களை நம்பிய நன்செயும், அதற்கு அப்பால் வானத்தை மட்டுமே நம்பிய கரிசலும் விரிந்து கிடக்கும். பாலை என்பது தனியொரு நிலமன்று, மழை பொய்த்தபோது குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்து பெறும் நிலையே அது என்னும் பண்டையோர் கருத்தை நேரில் காண விரும்புவோர், இவ்வடிவாரத்தை வற்கடக் காலத்தில் வந்து காணல் தகும்.

பாலைக்கு உரிய ஒழுக்கம் பிரிவு. அப்பிரிவு பற்றியதே இக்கட்டுரை. ஆயின் இது நூல்களில் காணும் தலைவன் பிரிவு அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தென்தமிழ்நாட்டுக் கரிசலிலிருந்தும் வானம்பார்த்த சீமைகளிலிருந்தும் உழைக்கும் மக்கள் இலங்கைக்கும் மலைநாட்டுத் தோட்டங்களுக்கும் சென்ற வரலாறே ஈண்டு ஆராயப்படுகின்றது. அவர்கள் ஏன் சென்றனர் என்னும் வினாவிற்கு மூன்று விடைகள் வழக்கமாகக் கூறப்படும். பஞ்சம் துரத்திற்று என்பது ஒன்று. கங்காணிகள் ஏமாற்றி அழைத்துச் சென்றனர் என்பது மற்றொன்று. பொருள் தேடும் ஆசையே காரணம் என்பது மூன்றாவது. மூன்றும் பொய்யல்ல. எனினும் மூன்றும் சேர்ந்தும் வினாவிற்கு முழுவிடை ஆகா என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இவ்வாய்விற்கு இரண்டு சொற்களை வேறுபடுத்திக் கொள்ளல் நலம். மீண்டு வரும் எண்ணத்தோடும் மீள்வதற்கு உரிய வழியோடும் செல்லுதலைப் 'பிரிவு' என்போம். மீளும் வழி அற்றுப்போன செலவைப் 'பெயர்வு' என்போம். பஞ்சமும் கடனும் ஆசையும் பிரிவிற்குக் காரணங்கள். பிரிவு பெயர்வாக மாறியதற்குக் காரணங்கள் வேறு. அவற்றைத் தேடுதலே குடிபெயர்வு வரலாற்றின் முதற்பணி ஆகும்.

நிலமும் உரிமையும்

தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்புறத்தில் பெருமழையாகக் கொட்டும். கிழக்குப்புறமோ மழை மறைவுப் பகுதி. ஆதலின் இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரங்கள் வடகிழக்குப் பருவமழையையும், மலையோடைகள் கொணரும் நீரைத் தேக்கும் கண்மாய்களையுமே நம்பி வாழ்ந்தன. வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்த இவ்வோடைகள் ஆண்டு முழுதும் ஓடுவன அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழை தவறின் கண்மாய் நிரம்பாது. கண்மாய் நிரம்பாவிடின் நடவு இல்லை. நடவு இல்லையேல் கூலி இல்லை.

இங்கு நிலவுடைமை பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். இப்பகுதியில் ஆங்கில ஆட்சியின் இரயத்துவாரி முறைக்கு உட்பட்ட ஊர்களும் இருந்தன. சேத்தூர், சிவகிரி போன்ற சமீன் ஊர்களும் இருந்தன. சமீன் முறை 1948ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டம் வரை நீடித்தது. எம்முறையாயினும், பட்டா உடையவர் ஒரு சாரார், பட்டா இன்றிப் பிறர் நிலத்தில் உழைத்தவர் மற்றொரு சாரார். பின்னவருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட குலங்களைச் சேர்ந்தோர். அடிமை முறைக்குச் சட்ட வலிமை இல்லை என 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அறிவித்தது. ஆயின் அச்சட்டம் அவர்களுக்கு நிலம் எதனையும் அளிக்கவில்லை. பழைய கட்டு தளர்ந்தது, புதிய பற்றுக்கோடு கிடைக்கவில்லை.

நிலம் உடையவன் பஞ்சத்தில் நிலத்தை அடகு வைப்பான், பிள்ளைகளுள் ஒருவனை வெளியூருக்கு அனுப்புவான், மழை பெய்தபின் மீட்பான். நிலம் இல்லாதவனுக்கு அடகு வைக்க எஞ்சியது தன் உழைப்பு ஒன்றே. அவன் திரும்பி வரினும் உரிமை கூறி அமர ஓர் இடம் இல்லை. ஆதலின் பிரிவு பெயர்வாதற்கு முதல் வித்து, புறப்பட்ட ஊரிலேயே இடப்பட்டுவிட்டது எனலாம்.

வந்து குடியேறியோர்

இவ்வட்டாரம் மக்களை வெளியே அனுப்பிய நாடு மட்டும் அன்று, ஏற்றுக்கொண்ட நாடும் ஆகும். இராசபாளையத்து இராசுக்கள் விசயநகர, நாயக்கர் காலங்களில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்தோர் என்பது அவர்தம் குடிவழக்கு. கரிசல் ஊர்கள் பலவற்றில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடிகள் இன்றும் வாழ்கின்றன. கம்மவார் குடிகளின் வருகையைக் கி. இராசநாராயணன் தம் 'கோபல்ல கிராமம்' (1976) என்னும் புதினத்தில் வாய்மொழி மரபைத் தழுவிப் புனைந்துள்ளார்.

இக்குடிகளும் தம் தாய்நிலத்தை விட்டே வந்தனர். ஆயின் வந்த இடத்தில் காடு திருத்தி நிலம் பெற்றனர், ஊர் அமைத்தனர், தெய்வம் நிறுவினர். அவர்களை இன்று எவரும் வேற்றுநாட்டார் என்பதில்லை. ஆகவே நெடுந்தொலைவு பெயர்தல் ஒன்றே துன்பத்திற்குக் காரணம் அன்று. வந்து சேர்ந்த நிலத்தில் உரிமை கிட்டிற்றா என்பதே வேறுபாட்டைத் தருவது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு கடல்கடந்து சென்றோர் வரலாற்றை நோக்குவோம்.

பஞ்சமும் பாதையும்

இலங்கையின் கண்டிச் சீமையில் காப்பிப் பயிர் 1820களில் தொடங்கி 1840களில் பெருகிற்று. தமிழ்த் தொழிலாளர் வருகையின் தொடக்கமாக 1823ஆம் ஆண்டு கொள்ளப்படுகின்றது. அவ்வாண்டிலிருந்து இருநூறு ஆண்டு நிறைவு 'மலையகம் 200' எனும் பெயரால் 2023இல் நினைவுகூரப்பட்டது. அப்போது தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மேற்கொள்ளப்பட்ட நடைப்பயணம், முன்னோர் காட்டுவழியே நடந்து சென்ற தடத்தை நினைவூட்டுவதாக அமைந்தது. அவ்வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் மாண்டோர் பலர்.

பெரும் பஞ்சம் எனப்படும் தாது ஆண்டுப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியது. இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த நிவாரணக் கூலி, கடும் உழைப்பிற்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமாகக் குறைக்கப்பட்டது. அந்நாளில் இலங்கைக்குச் சென்றோர் தொகை மிகப் பெருகியது உண்மை. ஆயின் பஞ்சம் ஒன்றே காரணமாயின், 1850களிலும் 1860களிலும் பஞ்சம் இல்லாத ஆண்டுகளிலும் பல்லாயிரவர் சென்றமைக்கு விடை இல்லாது போகும். தாது ஆண்டிற்கு முன்னரும் தமிழகம் பஞ்சம் பல கண்டது. அப்பஞ்சங்களில் மக்கள் அண்டை ஊர்களுக்கு ஓடினர், அல்லது ஊரிலேயே மடிந்தனர். கூட்டங்கூட்டமாகக் கடல் கடக்கவில்லை.

வேறுபட்டது யாது? பாதை. தூத்துக்குடி வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1876ஆம் ஆண்டில். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி வழியாகச் செல்லும் அப்பாதை கரிசலின் நடுவே சென்றது. பஞ்சம் தொடங்கிய ஆண்டும் புகைவண்டி கடற்கரையைத் தொட்ட ஆண்டும் ஒன்றே ஆதல் கருதத்தக்கது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும், மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடித்தோர் எளிதில் கடல் கடந்தனர். பசி மக்களை ஊரிலிருந்து எழுப்பிற்று. எழுந்தவர் எத்திசை செல்வர் என்பதைப் பாதையும், பாதைக்குப் பணம் தந்தவருமே முடிவு செய்தனர்.

கங்காணியும் முன்பணமும்

பாதைக்குப் பணம் தந்தவன் கங்காணி. 'கண்காணி' என்னும் சொல் சோழர் கல்வெட்டுகளில் கோயிற் காரியங்களை மேற்பார்ப்போரைக் குறிக்க வழங்கியது. அச்சொல்லே மருவித் தோட்டத்தில் ஆள்சேர்த்து வேலைவாங்கும் தலைவனைக் குறிப்பதாயிற்று.

மொரீசியசு, நேட்டால், பிசி முதலிய நாடுகளுக்கு மக்கள் ஒப்பந்த முறையில் சென்றனர். குறித்த ஆண்டுகளுக்கு உழைப்பதாகக் கைச்சாத்திட்டுச் சென்றோர் அவர். இலங்கைக்குச் சென்றோர்க்கு அத்தகைய நீண்டகால ஒப்பந்தம் இல்லை. அதனால் அவர்களைச் 'சுதந்தரக் கூலிகள்' என அக்கால அதிகாரிகள் எழுதினர். கடனை நோக்கின் அச்சுதந்தரத்தின் அளவு புலனாகும். தோட்டத்துரை கங்காணிக்கு முன்பணம் கொடுப்பார். கங்காணி ஊருக்கு வந்து தன் உறவினர்க்கும் அறிந்தோர்க்கும் பழைய கடன் தீர்க்கவும் வழிச்செலவிற்கும் அதனைக் கொடுப்பான். அத்தொகை தொழிலாளியின் பெயரில் பற்றாக எழுதப்படும். உணவும் உடையும் நோய்ச்செலவும் அதனுடன் சேரும். ஒவ்வொரு ஆளும் வேலைக்கு வரும் நாளுக்குக் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆதலின் தன் ஆள் தன்னை விட்டு நீங்காதிருத்தல் கங்காணியின் வருவாய்க்கு இன்றியமையாதது.

தொழிலாளி வேறு தோட்டம் செல்ல வேண்டின் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடன் கட்டினால் இவரை விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டு. புதிய தோட்டம் அக்கடனைக் கட்டி ஆளை ஏற்கும். கடன் தீர்வதில்லை, கைமாறுவதே உண்டு. இம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டம் ஆள்சேர்ப்பைக் கட்டுப்படுத்திற்று.

கங்காணி ஏமாற்றினான் என்று கூறி அமைவது எளிது. ஏமாற்றியோரும் பலர் உளர். ஆயின் கங்காணி பெரும்பாலும் அதே வட்டாரத்தைச் சேர்ந்தவன், உறவு சொல்லி அழைக்கத்தக்கவன். அவனை நம்பிச் சென்றது அறியாமையால் மட்டும் அன்று. ஊரில் நிலவுடைமையாளனிடம் பட்ட கடனிலிருந்து விடுபட, கங்காணியிடம் கடன்பட்டனர். ஒரு கட்டிலிருந்து மற்றொரு கட்டிற்கு மாறினர். இரண்டாம் கட்டில் அன்றாடம் கூலி உண்டு, அரிசி உண்டு என்னும் கணக்கு அவர்கள் அறிந்து செய்த கணக்கே. அவர்களைச் செயலற்றோராகக் காட்டும் வரலாறு அவர்க்கு இரண்டாம் முறை தீங்கிழைப்பதாகும்.

காப்பியும் தேயிலையும்

இதுவரை கூறியவை யாவும் பிரிவின் காரணங்கள். பெயர்வு எப்போது தொடங்கிற்று? இதற்கு விடை தோட்டத்தின் பயிரில் உள்ளது.

காப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் சில திங்களில் மிகுந்த ஆட்கள் வேண்டும், பிற திங்களில் குறைந்தோர் போதும். ஆகவே காப்பிக் காலத்தில் சென்றோர் பெரும்பாலும் ஆடவர். பழப்பறி முடிந்ததும் சேர்த்த பணத்தோடு ஊர் மீண்டு, தம் ஊர் உழவு வேலைகளில் கலந்துகொள்ளும் வழக்கம் இருந்தது. இது பண்டை இலக்கியம் கூறும் பொருள்வயிற் பிரிவிற்கு ஒருவாறு ஒத்தது. பொருள் முடித்துக் குறித்த பருவத்தில் மீளுதல் அப்பிரிவின் இலக்கணம் அன்றோ? மகளிரொடு கடற்செலவு இல்லை என்று பொருள்கொள்ளப்படும் தொல்காப்பிய நூற்பா ஒன்றும் ஈண்டு நினைவிற்கு வரும். அந்நூற்பாவிற்கு வேறு பொருள் கொள்வாரும் உளர். எவ்வாறாயினும், இல்லம் ஊரில் நிலைத்திருக்க ஆடவன் சென்று மீளுதல் என்னும் மரபே காப்பிக் காலத்தின் பொதுநிலை எனலாம்.

1869இல் காப்பிச் செடிகளில் இலைநோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டிற்குள் இலங்கையின் காப்பித் தொழில் அழிந்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. சேம்சு டெயிலர் 1867இல் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைப் பயிர், 1880களுக்குப் பின் மலைநாடெங்கும் பரவிற்று. தேயிலைக்கு ஓய்வுப் பருவம் இல்லை. கொழுந்து ஆண்டு முழுதும் துளிர்க்கும், சில நாட்களுக்கு ஒருமுறை கிள்ளப்படல் வேண்டும். கொழுந்து கிள்ளுதல் பெண்களின் வேலையாயிற்று. சிறுவர்க்கும் வேலை உண்டு. ஆகவே தோட்டம் இப்போது தனி ஆடவனை விரும்பவில்லை, குடும்பத்தையே விரும்பிற்று. 'லயம்' எனப்படும் வரிசை வீடுகள் குடும்பங்களின் நிலையான இருப்பிடங்கள் ஆயின. பிள்ளைகள் அங்கே பிறந்தனர், முதியோர் அங்கே புதைக்கப்பட்டனர்.

பெண்டிரும் பிள்ளைகளும் சென்றபின் ஊரில் எஞ்சியது யாது? பட்டா இல்லை, வீட்டுமனையில் உறுதியான உரிமை இல்லை, காத்திருக்கும் குடும்பமும் இல்லை. எவரும் 'இனி மீளோம்' என்று துணிந்து புறப்பட்டாரல்லர். பயிர் மாறியது, அதனால் பிரிவு பெயர்வாக மாறியது. பஞ்ச ஆண்டை மட்டும் நோக்கும் ஆய்வு இம்மாற்றத்தைக் காணத் தவறும்.

மலைக்கு அப்பால்

கடல்கடந்தோர் வரலாற்றோடு மலைகடந்தோர் வரலாற்றையும் ஒப்பிடல் வேண்டும். கரிசலுக்கு மேற்கே நிற்கும் இம்மலைத்தொடரின் அப்புறம் பழைய திருவாங்கூர் அரசு. பீர்மேட்டிலும் கண்ணன் தேவன் மலையிலும் ஐரோப்பியர் தோட்டம் அமைத்தனர். சான் டேனியல் மன்றோ 1877இல் பூஞ்ஞாற்றுத் தலைவரிடமிருந்து கண்ணன் தேவன் மலைநிலத்தைப் பெற்றார். 1897இல் அங்குத் தோட்டக் கம்பெனி நிறுவப்பட்டது. மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளின் மக்களே அங்கும் உழைப்பாளர். அங்கும் கங்காணி, அங்கும் முன்பணம், அங்கும் லயம், அங்கும் தேயிலை.

ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. மலைகடந்தோர் 1947க்குப் பின்னும் 1956ஆம் ஆண்டின் மாநில அமைப்பிற்குப் பின்னும் ஒரே நாட்டின் குடிமக்களாக இருந்தனர். கொடை விழாவிற்கும் திருமணத்திற்கும் ஊர் வந்து சென்றனர். 2020 ஆகத்து 6ஆம் நாள் இரவில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவில் எழுபதுபேர் மாண்டனர். மாண்டோருட் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பகுதியை வேராகக் கொண்ட குடும்பத்தினர். செய்தி எட்டியதும் கயத்தாற்றிலிருந்து சுற்றத்தார் மலையேறிச் சென்று அழுதனர். தலைமுறை பல கடந்தும் உறவு அறவில்லை என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை. நிலமின்மை இவர்க்கும் பொது. பணி ஓய்வு பெற்றபின் லயத்தை விட்டு நீங்க வேண்டியது இவர்க்கும் விதி. எனினும் மீளும் வழியை எச்சட்டமும் அடைக்கவில்லை. கடல்கடந்தோர்க்கோ அவ்வழி அடைபட்டது.

சட்டம் அடைத்த வழி

1939 ஆகத்தில் இந்திய அரசு இலங்கைக்குக் கூலித் தொழிலாளர் செல்வதைத் தடை செய்தது. அதன்பின் இலங்கைத் தோட்டங்களில் இருந்தோர் பெரும்பாலும் அங்கேயே பிறந்து வளர்ந்தோர் ஆயினர். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டன் முதலாயினோரோ இலங்கையில் பிறந்தமையை மெய்ப்பிப்போர்க்கே பிறப்புவழிக் குடியுரிமை அளித்தது. லயத்தில் பிறந்தோர்க்குப் பிறப்புப் பதிவுச் சீட்டு ஏது? 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிசுத்தானிய வதிவோர் சட்டம் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வழிவகுத்தது. ஆனால் குறித்த ஆண்டுகள் இடையறாது அங்கு வதிந்தமையை விண்ணப்பிப்போர் காட்டல் வேண்டும் என அது விதித்தது.

இவ்விடத்தில் ஆய்வாளர் சற்று நிற்றல் வேண்டும். ஊருக்குப் போய்வருதல் ஒருகாலத்தில் பிரிவைப் பெயர்வாகாது காத்த பழக்கம். தாயைப் புதைக்க ஊர் வந்தவனும், குலதெய்வத்திற்குக் கிடா வெட்ட வந்தவனும் அப்பழக்கத்தையே போற்றினர். அதே பயணம் இப்போது இடையறாத வாழ்விற்கு ஐயம் விளைவிக்கும் சான்றாக எண்ணப்பட்டது. எட்டு இலட்சத்திற்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

எஞ்சியோர் எந்நாட்டின் குடிமக்களும் அல்லாதார் ஆயினர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாசுத்திரியும் செய்த உடன்படிக்கை, நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டது. அவருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்றன. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொள்வதென 1974இல் முடிவாயிற்று. உடன்படிக்கை கைச்சாத்தான இரண்டு திங்களில், 1964 திசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் வந்தோர் இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாம் சேர்ந்தனர். முன்னோர் புறப்பட்ட அதே மண்டபமே இவர்களை வரவேற்றது.

இவர்களை அரசு ஏடுகள் 'தாயகம் திரும்பியோர்' என்றன. திரும்புதல் என்பது புறப்பட்ட இடத்திற்கு வருதல். இவருட் பெரும்பாலோர் புறப்பட்டாரல்லர், புறப்பட்டவர் அவர்தம் பாட்டனும் பூட்டனும். ஊர்ப்பெயர் அறிவர், ஊரை அறியார். உறவினர் சிலர் ஏற்றனர், சிலர் பங்கு கேட்பரோ என அஞ்சினர். பங்கு கேட்க நிலம் இருந்த குடும்பங்களும் சிலவே. 1968இல் நீலகிரியில் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டம் இவருட் பலர்க்கு வேலை அளித்தது. தேயிலையிலிருந்து தேயிலைக்கே அவர்கள் வந்து சேர்ந்தனர். அங்கே 'இந்தியாக்காரர்' எனப்பட்டோர் இங்கே 'சிலோன்காரர்' எனப்பட்டனர்.

மொழியும் இலக்கியமும் தரும் சான்று

செண்பகத்தோப்பு என்னும் பெயரில் உள்ள 'தோப்பு' மரங்கள் செறிந்த இடத்தைக் குறிப்பது. 'தோட்டம்' நம் வழக்கில் வீட்டை அடுத்தோ கிணற்றை அடுத்தோ உள்ள சிறு விளைநிலம், உடையவன் கையால் நீர் பாய்ச்சப்படுவது. இலங்கையில் அச்சொல் பல நூறு ஏக்கர் பரப்புள்ள, உழைப்போர்க்கு ஒரு சாணும் உரிமை இல்லாத நிலத்தைக் குறித்தது. 'தோட்டக்காட்டான்' என்பது வசைச்சொல்லும் ஆயிற்று. உடைமையைச் சுட்டிய சொல் உடைமையின்மையைச் சுட்டலாயிற்று. 'லயம்', 'பிரட்டு', 'பேர் போடுதல்', 'துண்டு' முதலிய தோட்ட வழக்குகளும் தொகுத்து ஆராயத்தக்கன.

இலைநோய் தோன்றிய 1869ஆம் ஆண்டிலேயே ஆபிரகாம் சோசப்பு என்பார் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வெளியிட்டார். அது தோட்டத்துரையின் நோக்கில் தொழிலாளரைக் காண்பது. அதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் இந்நோக்கினை மறத்தல் ஆகாது. பாரதியார் பிசித் தீவுக் கரும்புத் தோட்டத்துப் பெண்களின் துயரைப் பாடினார். புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' என்னும் கதையில் திருநெல்வேலிச் சீமைப் பெண் ஒருத்தி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் படும் பாட்டைக் காட்டினார். பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் 1969இல் எழுதிய புதினம் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கப்பட்டுள்ளது. அது வால்பாறைத் தோட்டங்களைப் பற்றியது. தொழிலாளர் தாமே பாடிய பாடல்களைத் தொகுத்த பெருமை சி. வி. வேலுப்பிள்ளைக்கு உரியது.

இவற்றுள் வாய்மொழிப் பாடல்களே இக்கட்டுரையின் வினாவிற்கு நெருங்கிய சான்றுகள். பாலைப்பாட்டில் பேசுபவள் பெரும்பாலும் ஊரில் காத்திருக்கும் தலைவி, அல்லது அவள் தோழி. தோட்டப்பாடலில் பேசுபவள் சென்றவளே. காத்திருப்போர் ஊரில் இல்லை. பாடுவோர் இடம் மாறியதே, பிரிவு பெயர்வாகியதை இலக்கியம் பதிவுசெய்த முறை.

போகாதவர்

நிலவுரிமையே அடிப்படை என்னும் கருத்தைச் செண்பகத்தோப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். இங்கு வாழும் பளியர் மலையில் தேனும் கிழங்கும் தேடி வாழ்ந்த தொல்குடியினர். அவர் எக்கடலையும் கடக்கவில்லை. ஆயின் 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காட்டை அரசின் உடைமையாக வகுத்தபின், அவர் தம் காட்டிலேயே இசைவு பெற்று நுழைபவர் ஆயினர். 1988இல் இம்மலைப்பகுதி சாம்பல்நிற அணில் சரணாலயம் ஆயிற்று. 2021இல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்துள் அடங்கிற்று. விலங்கைக் காத்தல் வேண்டுவதே, அதில் ஐயம் இல்லை. எனினும் 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் வரும் வரை, காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர்க்கு அக்காட்டின்மேல் சட்டம் ஏற்ற உரிமை இருந்ததில்லை. சென்றவர்க்கும் இருந்தவர்க்கும் குறை ஒன்றே.

இதன் மறுதலையும் அருகிலேயே உண்டு. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று, 1923இல் ஊர் மீண்டு தொழில் தொடங்கினர். இராசபாளையத்தில் பி. ஏ. சி. இராமசாமி இராசா 1936இல் நூற்பாலை நிறுவினார். வறண்ட இவ்வட்டாரத்தில் மழை கூடிவிடவில்லை. ஆனால் வேலை தேடி ஆட்கள் வந்து சேரும் ஊர்களாக இவை மாறின. மீள்வதற்கு இடமும் முதலும் உடையோர் சென்றது பிரிவாகவே முடிந்தது, ஊருக்கும் பயன் தந்தது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. பஞ்சமும் கடனும் ஆசையும் மக்களைப் புறப்படச் செய்தன. பாதையும் முன்பணமும் திசையைக் காட்டின. ஆயின் அவர்கள் மீளாமைக்குக் காரணங்கள் வேறு. ஊரில் நிலவுரிமை இன்மை ஒன்று. ஆண்டு முழுதும் குடும்பம் முழுவதையும் வேண்டிய தேயிலை மற்றொன்று. மீளும் பழக்கத்தையே குற்றமாக்கிய குடியுரிமைச் சட்டம் மூன்றாவது. ஆகவே 'ஏன் சென்றனர்' என்னும் வினாவோடு 'ஏன் மீளவில்லை' என்னும் வினாவையும் இணைத்துக் கேட்டலே முறை.

இது பழங்கதை அன்று. இலங்கை 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் அங்கு எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கிற்று. தமிழகத்திலோ, 1983ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் ஏதிலியராய் வந்த மலையக வழியினர் பலர் முகாம்களில் குடியுரிமை இன்றித் தலைமுறை கடந்துள்ளனர். இந்நாட்டிலிருந்து சென்றோரின் பேரப்பிள்ளைகள் இந்நாட்டிலேயே அயலார். இவர் வழக்கைத் தீர்ப்போர்க்கு, இன்னார் முன்னோர் இன்ன ஊரினர் என்னும் சான்று வேண்டும். அச்சான்றுகளைத் தேடுதல் வரலாற்று மாணவர்க்கும் தமிழ் மாணவர்க்கும் உரிய கடமை ஆகும்.

அத்தேடலில் இறங்குவோர் ஒன்றை நினைவிற் கொள்க. திருவில்லிபுத்தூர் வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், பின் இராமநாதபுரம் மாவட்டத்திலும், 1985 முதல் இன்று விருதுநகர் எனப்படும் மாவட்டத்திலும் அடங்கியது. ஆவணங்களை அவ்வவ் ஆண்டிற்குரிய மாவட்டப் பெயரில் தேடல் வேண்டும். ஊர்தோறும் முதியோரிடம் 'உங்கள் குடும்பத்தில் கண்டிக்குப் போனவர் யார்' எனக் கேட்பதோடு நில்லாமல், 'திரும்பி வந்தவர் யார், வந்தபோது நிற்க இடம் இருந்ததா' என்றும் கேட்டல் வேண்டும். இரண்டாம் வினாவிற்குக் கிடைக்கும் விடைகளைக் கொண்டே இவ்வடிவாரத்தின் குடிபெயர்வு வரலாறு இனி எழுதப்படல் வேண்டும்.